கதையில் போட்ட விதியை நடுவில் உடைக்காதீர்கள்

போன சனிக்கிழமை எங்கள் ஊர் நூலகத்தில் புதிதாக ஒரு தம்பி கதை சொல்ல வந்திருந்தார். நல்ல குரல், நல்ல முகபாவம். அவர் கதையில் ஒரு குகை. மூன்று முறை கை தட்டினால்தான் திறக்கும். பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். கடைசியில் நேரமாகிவிட்டதால் ஒரே தட்டில் திறந்துவிட்டார். இரண்டாவது தட்டுக்காக விரிந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன.

ஆரம்பத்தில் நான் செய்த தவறும் இதுதான். சத்தமாகப் பேசுவது, முகம் பார்த்துச் சொல்வது எல்லாம் நாலு வாரத்தில் தானாக வந்துவிடும். போட்ட விதியைக் கடைசிவரை காப்பது மட்டும் அப்படி வராது. இதில் தடுமாறும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெயரும் எண்ணிக்கையும்

ஏழு ஆடு என்று தொடங்கினால் கடைசிவரை ஏழுதான். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நாயகனைக் காப்பாற்ற விதியை உடைப்பது

என் கதையில் ஓர் ஆமை இருந்தது. கரையில் இருக்கும்போது பேசும். தண்ணீரில் இறங்கினால் பேச்சு மறந்துவிடும். முடிவில் வேடன் வருகிறான், மான் குட்டியை எச்சரிக்க வேண்டும், ஆமையோ நடு ஆற்றில். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆமை தண்ணீரிலிருந்தே "ஓடு!" என்று கத்திவிட்டது.

முன்வரிசையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. "அக்கா, தண்ணிக்குள்ள அதுக்குப் பேச வராதே?" என்றாள். "கதைதானே கண்ணு" என்றேன். அடுத்த வாரம் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த "கதைதானே" என்ற சொல்லை யார் சொன்னாலும் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெண் என் விதியை நம்பி, அடுத்து என்ன நடக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். அந்தக் கணக்கை நான் ஒரு சொல்லில் அழித்துவிட்டேன். எதுவும் எப்படியும் நடக்கலாம் என்றால் பயப்படவும் ஒன்றுமில்லை, யோசிக்கவும் ஒன்றுமில்லை.

அப்புறம் கதையைத் திருத்தினேன். ஆமை கரைக்கு நீந்துகிறது, சேற்றில் வழுக்குகிறது, மறுபடி ஏறுகிறது. வேடன் வில்லை எடுத்துவிட்டான். "சீக்கிரம் ஏறு, ஏறு!" என்று அறையே கத்துகிறது. எனக்குத் தடையாக நின்ற அதே விதிதான் கதையின் உயிரான இடத்தைக் கொடுத்தது.

வேதாளக் கதையை நினைத்துப் பாருங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் விக்கிரமாதித்தன் தலை சுக்குநூறாகும். வாயைத் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குப் போய்விடும். வடமொழித் தொகுப்பில் 25 கதைகள். அத்தனை கதை ஓடியும் விதி தளரவில்லை. கடைசிக் கேள்விக்கு அரசனுக்கே விடை தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான். விதிக்குள்ளேயே வழி இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் சொல்வது

காக்கா பேசும். அவ்வளவுதான், விளக்க வேண்டாம்.

மூன்று வயதுக்காரர்களிடம் தர்க்கம் தேடுவது

அவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் வரிதான் முக்கியம். அதில் ஒரு சொல்கூட மாறக் கூடாது.

பிள்ளை திருத்தினால் மழுப்புவது

"ஆமாம், தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

மாற்றவே கூடாது என்று பயப்படுவது

மாற்றலாம். பாட்டி வடை சுட்ட கதையில், வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடுகிற காக்காவை எல்லாருக்கும் பிடிக்கிறது. வாயைத் திறந்தால் வாயில் இருப்பது விழும் என்பது அங்கேயும் மாறவில்லை. காக்காவுக்கு அது தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் பிள்ளைகள் நரியின் முகத்தைப் பார்க்கத் துடிப்பார்கள். அவசரப்படாமல் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள்.