தடித்த செரிஃப் எழுத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல் ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். இறந்த முதியவரின் பெயர் ஆங்கிலத்தில் கூப்பர் பிளாக் எழுத்துருவில் இருந்தது. 1922இல் ஓஸ்வால்ட் கூப்பரின் கையிலிருந்து வந்த அந்த எழுத்தின் முனைகள் பஞ்சு அடைத்துத் தைத்ததுபோல உருண்டு உப்பியிருக்கும். கேக் பெட்டிக்கும் பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் அது அழகு. துக்க வீட்டுக்கு அல்ல. தடித்த செரிஃப் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணி, கணினியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துவிடுகிறோம்.

செரிஃப் என்பது ஆங்கில எழுத்துக் கோட்டின் முனையிலுள்ள சிறு பாதம். எழுத்தின் குணத்தை அந்தப் பாதத்தில் பார்க்கலாம். 1845இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டன் எழுத்துருவுக்குக் கட்டையான, நன்றாக ஊன்றிய பாதம். போடோனி வகைக்கோ தண்டு தடிப்பு, பாதம் மயிரிழை. திரையில் போடோனி கண்ணைப் பறிக்கும். அதை நம்பிப் பழுப்புக் காகிதத் தேயிலைப் பையில் ஸ்கிரீன் பிரின்டிங் செய்தால் மயிரிழைகள் மை பிடிக்காமல் போகும். ஆங்கில ‘எச்’ நடுக்கோட்டை இழந்து இரண்டு தூண்களாக நிற்கும். தேயிலைப் பைக்கும், மூடுபனி இறங்கும் நானுஓயாப் பாதையோரப் பலகைக்கும் நான் கிளாரண்டன் வகையைத்தான் எடுப்பேன்.

தமிழில் நடக்கும் தவறு இதைவிடக் கவலை தருகிறது. நம் எழுத்துக்கு இந்தப் பாதம் கிடையாது. கோட்டின் தடிப்பு ஏறி இறங்கும் எழுத்துருக்களே செரிஃபுக்கு இணையாக நிற்பவை. நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவற்றில் தடித்த வடிவத்தைத் தனியாக வரைந்திருக்கிறார்கள். அப்படி வரையாத எழுத்துருவில் போல்ட் பொத்தானை அழுத்தினால், மென்பொருள் கோட்டைச் சுற்றி மை பூசுவதுபோல வீங்க வைக்கிறது, அவ்வளவுதான். ‘ண’வின் சுழிகள் அடைபடும். ‘இ’யின் வயிறு கறுத்துப்போகும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மாசி மாதம், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் காமன் கூத்து நோட்டீசை நானே அப்படித்தான் அமைத்தேன். போட்டோ பிரதி எடுத்ததும் ‘மன்மதன்’ என்பது ‘மனமதன’ என்றாகிவிட்டது. கூத்துப் பழக்கும் ஐயா தாளை வெளிச்சத்தில் பிடித்து, “புள்ளியெல்லாம் எங்கே, தம்பி?” என்று கேட்டார். முந்நூறு தாளையும் திரும்ப அடித்தோம். அதன்பின் எந்தத் தலைப்பையும் உண்மை அளவில் ஒரு பிரதி எடுத்து, ஆறடி தள்ளிச் சுவரில் வைத்துப் பார்க்காமல் அச்சுக்கு விடுவதில்லை. ‘ண’வுக்குள் வெள்ளை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தடிப்பில் ஒரு படி இறங்குகிறேன்.

முழு நோட்டீசையும் தடித்த எழுத்தில் நிரப்பாதீர்கள். பெயர், நாள், இடம் மூன்றும் தடித்திருந்தால் போதும்.

மும்மொழிப் பலகை பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கொழுத்த செரிஃபில் நிற்க, கீழே தமிழ் நூல்போல மெலிந்து கிடக்கும் பலகைகளை மலையகமெங்கும் காண்கிறேன். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பலகையில் அது இன்னும் ஒண்டிக் குடியிருப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம் இடநெருக்கடி. ‘வைத்தியசாலை’ நீளமான சொல் என்பதால் அதைப் பக்கவாட்டில் நசுக்குகிறார்கள்; நிற்கும் கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் மட்டும் தடித்து நிற்கின்றன. நசுக்க வேண்டாம், மூன்று மொழியின் அளவையும் சேர்த்துக் குறையுங்கள். மேலே விசிறிக்கும் (‘கி’, ‘கீ’யின் மேல்வளைவு) புள்ளிக்கும், கீழே உகரச் சுழிக்கும் இடம் விட்டுத் தமிழ் வரியை முதலில் அமையுங்கள். அந்த வரியின் தடிப்பைப் பார்த்து, அதற்கு ஈடான ஆங்கில செரிஃபையும் சிங்கள எழுத்துருவையும் பிறகு தேடுங்கள்.