வலுக் கணக்கு கொடுக்கும்போது எங்கே பிழைக்கிறோம்?

உங்கள் கட்டடம் வருடத்துக்கு எவ்வளவு வலு, அதாவது மின்சாரம், டீசல், கேஸ் எல்லாம் சேர்த்து, பாவிக்கிறது என்று கடன் தரும் வங்கியோ வெளிநாட்டுப் பயண முகவரோ கேட்கலாம். நியூயோர்க்கில் இப்படிக் கணக்குக் கொடுப்பதற்கான சட்டம் 2009 இலேயே வந்துவிட்டது. சிங்கப்பூரில் 2013 முதல் கட்டட உரிமையாளர்கள் வருடாவருடம் கணக்குக் கொடுக்கிறார்கள். நம் இலங்கையில் இந்த விடயங்களைப் பார்ப்பது 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிலைபெறுதகு வலு அதிகாரசபை. யார் கேட்டாலும் பில்லைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கூரையில் சோலர் போட்ட ஹோட்டல்களை எடுத்துக்கொள்ளுங்கள். நெட் அக்கவுண்டிங் முறையில், பகலில் பனல் தரும் மின்சாரத்தைக் கட்டடமே முதலில் எடுத்துக்கொள்ளும். அது மின்சார சபையின் மீட்டரைத் தொடுவதே இல்லை. ஒரு மாதம் சபையிடமிருந்து வாங்கியது 6,000 யூனிட், சபைக்கு அனுப்பியது 1,000, இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தி 4,000 என்று வையுங்கள். பலர் 6,000 இல் 1,000 ஐக் கழித்து 5,000 என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் கட்டடம் பாவித்தது 9,000. வாங்கியதோடு உற்பத்தியைக் கூட்டி, அனுப்பியதைக் கழிக்க வேண்டும். நெட் பிளஸ் என்றால் வேறு கதை. அதில் உற்பத்தி முழுவதும் நேரே சபைக்குப் போவதால், வாங்கிய யூனிட்தான் பாவனை. ஆகவே உங்கள் ஒப்பந்தம் எது என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் ஜெனரேட்டர். அதன் அறைக் கதவில் ஆணியில் தொங்கும், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை படிந்த கொப்பியைப் பிரித்தால் ஒரு நாள் "40 லீற்றர்" என்றிருக்கும், அடுத்த நாள் "2 கேன்" என்றிருக்கும். கேன் எத்தனை லீற்றர் என்று எழுதியவருக்கு மட்டுமே தெரியும். லீற்றரிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணித்தியால வலு உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்களவே மின்சாரமாக வெளியே வரும். டீசலையும் அது தந்த மின்சாரத்தையும் இரண்டு வரியில் எழுதினால் ஒரே வலுவை இருமுறை எண்ணியதாகிவிடும். டீசலை மட்டும் எழுதுங்கள். சமையலறைக் கேஸ் சிலிண்டர்களையும் மறக்க வேண்டாம்.

பெரிய இணைப்புகளின் பில்லில் பகல், உச்சம், உச்சமற்ற நேரம் என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றையும் கூட்ட வேண்டும். பக்கத்தில் கேவீஏ அலகில் இருக்கும் உச்சக் கேள்வி, அதாவது ஒரே நேரத்தில் நீங்கள் எடுத்த அதிகபட்ச அளவு, பாவனை அல்ல. அதைச் சேர்க்கக் கூடாது. மீட்டரை நீங்களே வாசித்தால், பெருக்கற் காரணி, அதாவது மீட்டர் காட்டும் எண்ணைப் பெருக்க வேண்டிய எண், இருக்கிறதா என்று பாருங்கள்.

பாவனையைக் கட்டடத்தின் பரப்பளவால் வகுத்துத்தான் பார்ப்பார்கள். பரப்பளவில் நடப்பது சின்னப் பிழைதான், விளைவு பெரிது. வரைபடம் சதுர அடியில் இருக்கும், படிவம் சதுர மீற்றரில் கேட்கும். 20,000 சதுர அடி என்பது ஏறக்குறைய 1,858 சதுர மீற்றர். மாற்றாமல் எழுதினால் உங்கள் ஹோட்டல் உண்மையைவிடப் பத்து மடங்கு சிக்கனமானதாகத் தெரியும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, பிந்திய வருடங்களை ஒப்பிடுவதற்கான அடிப்படை ஆண்டைத் தெரிவு செய்வதுதான். மே முதல் செப்டெம்பர் வரைதான் இந்தக் கடற்கரையின் சீசன். ஓகஸ்ட் பில்லைப் பன்னிரண்டால் பெருக்கினால் கணக்கு வீங்கிவிடும், டிசம்பரைப் பெருக்கினால் சுருங்கிவிடும். பன்னிரண்டு மாதமும் வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதமும் சாதாரணமான காலமாக இருக்க வேண்டும். 2019 இல் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் அறைகள் வெறுமையாகின. 2020, 2021 கொரோனா. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. இந்த ஆண்டுகளில் ஒன்றை அடிப்படையாக வைத்துவிட்டால், பிறகு அறைகள் நிரம்பும் ஒவ்வொரு வருடமும் நீங்கள் வலுவை வீணாக்குவது போலவே படிவம் காட்டும்.