ஆப்பிள் ட்ரே கேக்: அடி ஏன் ஈரமாகிறது, நடு ஏன் அமுங்குகிறது

பார்க்க இது எளிய கேக்தான். அடுக்கு கிடையாது, க்ரீம் பூசும் வேலை கிடையாது. நீள்சதுரத் தட்டில் மாவை ஊற்றி, வேகவைத்து, துண்டு போட்டால் முடிந்தது. இங்கிலாந்து வீடுகளில் மாலைத் தேநீருக்குச் சாதாரணமாகச் செய்வது. ஆனாலும் முதல்முறை செய்பவர்களுக்கு மேலே பொன்னிறமாகவும் அடியில் களிபோலவும் வந்துவிடுகிறது. காரணம் பெரும்பாலும் பழத்திலுள்ள தண்ணீர். ஆப்பிள் எடையில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். 400 கிராம் ஆப்பிள் போட்டால் 340 மில்லி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை டம்ளர் தண்ணீரை மாவுக்குள் வைக்கிறோம். அது பழத்துக்குள்ளேயே நின்றால் கேக் மிருதுவாக இருக்கும். வேகும் முன்பே வெளியே வந்துவிட்டால் கேக் கெட்டுவிடும்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்: மைதா 250 கிராம், வெண்ணெய் 200 கிராம், சர்க்கரை 200 கிராம், ஓடு நீக்கிய முட்டை 200 கிராம், பேக்கிங் பவுடர் தலை தட்டி இரண்டரை டீஸ்பூன், பால் 3 டேபிள்ஸ்பூன், பட்டைத்தூள் 1 டீஸ்பூன், தோலும் விதையும் நீக்கிய ஆப்பிள் 400 கிராம். தட்டு 20 க்கு 30 சென்டிமீட்டர், அதாவது 8 க்கு 12 அங்குலம். நம்மூர் முட்டை சின்னது. நான்கு போதாமல் ஐந்து தேவைப்படலாம். எண்ணிக்கையை நம்பாமல் உடைத்து எடை போடுங்கள்.

முட்டை சாப்பிடாதவர்கள் இதே அளவில் முட்டையை மட்டும் விட்டுவிட்டுச் செய்ய வேண்டாம். கேக்கைத் தாங்கிப் பிடிப்பதில் பாதி வேலை முட்டையுடையது. தயிரோ கண்டென்ஸ்டு மில்க்கோ சேர்த்து, முட்டை இல்லாமலே வகுத்த அளவைத் தேடிச் செய்வதுதான் சரி.

எந்த ஆப்பிள்

கடையில் முதலில் கண்ணில் படுவது அடர்சிவப்பாக, அடியில் ஐந்து முண்டு தெரியும் ரெட் டெலிசியஸ். காஷ்மீர், இமாச்சலிலிருந்து வருவதில் பெரும்பகுதியும் டெலிசியஸ் வகைகளே. கடித்துச் சாப்பிட நன்றாக இருக்கும். கேக்குக்கு இதுதான் மிகவும் பலவீனமான தேர்வு. புளிப்பு குறைவு, வெந்தால் சுவை மங்கிவிடும். நாள்பட்ட பழமென்றால் சதை மாவாகி, சூட்டில் குழைந்துவிடும்.

எடுக்க வேண்டியது கிரானி ஸ்மித், கடைக்காரர் மொழியில் பச்சை ஆப்பிள். ஆஸ்திரேலியாவில் 1868 வாக்கில் மரியா ஆன் ஸ்மித் என்பவரின் தோட்டத்தில் தானாக முளைத்த வகை இது. புளிப்பு தூக்கலாக இருக்கும், சதை கெட்டி, அடுப்பிலும் துண்டு துண்டாகவே நிற்கும். கிடைக்காவிட்டால் ஃபியூஜி அல்லது காலா வாங்கி, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேருங்கள். பழத்தை விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது.

ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் பிராம்லி என்ற பெயர் அடிக்கடி வரும். நாட்டிங்கம்ஷயரின் சவுத்வெல் ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த மரம் அது. பச்சையாகத் தின்ன முடியாத அளவு புளிக்கும், வெந்தால் பஞ்சுபோலக் கரைந்துவிடும். அந்தக் குறிப்பின் சர்க்கரை அளவு அந்தப் புளிப்புக்காகப் போட்டது. அதே சர்க்கரையுடன் சிவப்பு ஆப்பிளைச் சேர்த்தால் தித்திப்பு தெகட்டும். பழம் இனிப்பானால் சர்க்கரையில் 30, 40 கிராம் குறையுங்கள்.

வெட்டுவதும் சேர்ப்பதும்

ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டு சரியான அளவு. அதைவிடப் பெரிதானால் துண்டைச் சுற்றியுள்ள மாவு வேகாமல் நிற்கும், கனத்தால் அடிக்கும் இறங்கும். துருவிப் போட்டால் தண்ணீர் உடனே வெளியே வரும். துருவியே ஆகவேண்டுமென்றால் துணியில் கட்டிப் பிழிந்துவிடுங்கள்.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆப்பிளை முதலிலேயே வெட்டி, சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டுப் பிசறி வைத்துவிட்டு, அதன்பிறகு வெண்ணெயை அடிக்கப் போவது. மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுமே, சர்க்கரையும் பழத்தை அப்படித்தான் இழுக்கும். அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கும். அதை அப்படியே மாவில் கவிழ்த்தால் அளவே மாறிப்போகும். வெட்டிய துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் மட்டும் புரட்டி வைத்தால் நிறம் கறுக்காது. பட்டைத்தூளை மைதாவோடு சலித்துக்கொள்ளலாம்.

பழம் மிகவும் சாறாக இருந்தால், ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கி, ஈரம் வற்றியதும் இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகே மாவில் போட வேண்டும். சூடான பழம் மாவிலுள்ள வெண்ணெயை உருக்கிவிடும்.

பழத்தில் மைதா தடவினால் அடிக்கு இறங்காது என்பார்கள். அது மேலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. தாங்குவது மாவின் கெட்டித்தன்மை. கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் கட்டியாகப் பொத்தென்று விழும் பதத்தில் இருக்க வேண்டும். இதைவிட நம்பகமான வழி: பழம் சேர்க்காத மாவில் மூன்றில் ஒரு பங்கை முதலில் தட்டின் அடியில் பரப்பி, மீதியில் ஆப்பிளைக் கலந்து அதன்மேல் ஊற்றுவது. அடி களியாவது இதிலேயே பெரிதும் குறையும்.

வெண்ணெய், சர்க்கரை, மாவு

‘அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்’ என்று எழுதியவரின் அறை 20 டிகிரி. மே மாதத்து மதுரைச் சமையலறை 35 டிகிரி. வெண்ணெய் 32 டிகிரி தாண்டும்போது உருகத் தொடங்கிவிடும். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடிக்காது, கேக் எண்ணெய்ப் பசையோடு அடர்ந்து வரும். நம் வெயிலில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டுபோட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளக்கக் கூடாது. உப்புப் போட்ட வெண்ணெயானால் தனியாக உப்பு வேண்டாம்.

நம் கடைச் சர்க்கரையின் மணி பெரிது. அடிக்கும்போது கரையாமல் நிற்கும். மிக்ஸியில் இரண்டு மூன்று சுற்று மட்டும் விடுங்கள். நைஸான பொடியாக்கிவிடாதீர்கள். மணியின் முனைகள் வெண்ணெயைக் கிழித்துத்தான் காற்று உள்ளே போகிறது. பீட்டரில் நான்கைந்து நிமிடம் அடித்தால் நிறம் வெளுத்து, கலவை பஞ்சாகும். முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். முட்டை ஜில்லென்றிருந்தால் கலவை திரிந்துபோகும். அப்போது ஒரு கரண்டி மைதா சேர்த்தால் கூடிவரும்.

மைதா விழுந்த பிறகு பீட்டரை எடுத்து வைத்துவிட்டு, ஸ்பேட்டுலாவால் மடித்துக் கலக்குங்கள். மாவின் வெள்ளை மறைந்ததும் நிறுத்துங்கள். மேலும் அடித்தால் மைதாவில் குளூட்டன் என்ற இழுவையான புரதம் உருவாகி, கேக் ரப்பர்போல இழுபடும்.

ஆங்கிலக் குறிப்பில் ‘செல்ஃப் ரைசிங் மாவு’ என்று வந்தால் அதில் பேக்கிங் பவுடர் முன்பே கலந்திருக்கிறது என்று பொருள். சும்மா மைதாவை மட்டும் போட்டால் கேக் எழும்பாது. 100 கிராம் மைதாவுக்கு 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்ற கணக்கு இங்கே சரியாக வரும். அந்த இடத்தில் ஆப்பசோடாவைப் போட்டுவிடாதீர்கள். அது மூன்று, நான்கு மடங்கு வீரியமானது. சோப்பு வாடையும் கசப்பும் வரும். பழைய பேக்கிங் பவுடரில் சந்தேகமிருந்தால் சுடுநீரில் அரை டீஸ்பூன் போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும்.

தட்டும் அடுப்பும்

9 க்கு 13 அங்குலத் தட்டின் பரப்பு 117 சதுர அங்குலம், 8 அங்குலச் சதுரத் தட்டுடையது 64. ஒன்றுக்குச் சொன்ன மாவை மற்றொன்றில் ஊற்றினால் நேரக்கணக்கு முழுவதும் தவறும். சின்ன ஓடிஜி, அதாவது மேசைமேல் வைக்கும் மின் அடுப்பு, வைத்திருப்பவர்கள் தட்டு வாங்கும்முன் உள்ளளவை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஓர் அங்குலம் இடைவெளி வேண்டும். பட்டர் பேப்பரை இரு பக்கமும் தட்டுக்கு வெளியே நீட்டி விட்டால் பிறகு அதைப் பிடித்தே தூக்கிவிடலாம்.

175 டிகிரியில் மேல், கீழ் இரண்டு கம்பியையும் போட்டு 15 நிமிடமாவது சூடேற்றுங்கள். தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும். விசிறி ஓடும் அடுப்பானால் 155, 160 போதும். மேலே டெமராரா என்ற பெரிய மணி பழுப்புச் சர்க்கரை இரண்டு ஸ்பூன் தூவினால் மொறுமொறுப்பான மேற்பரப்பு கிடைக்கும். நாட்டுச்சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும்.

முதல் 30 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். நடுப்பகுதி இறுகும்முன் சூடு இறங்கினால் அமுங்கிவிடும், மறுபடி எழும்பாது. மேல் சீக்கிரம் சிவந்தால் 30 நிமிடத்துக்குப் பிறகு அலுமினியத் தாளைத் தளர்வாக மூடலாம். 40 முதல் 45 நிமிடத்தில் வெந்திருக்க வேண்டும்.

வெந்ததா என்று பார்ப்பதிலும் ஆப்பிள் ஏமாற்றும். குச்சி பழத்துண்டில் பட்டால் ஈரமாகத்தான் வரும். அதைப் பார்த்து இன்னும் 15 நிமிடம் விட்டால் ஓரம் காய்ந்துபோகும். இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள். ஒட்டியது பச்சை மாவா பழச்சாறா என்று விரலால் தேய்த்தாலே தெரியும். நடுவில் மெல்ல அழுத்தினால் திரும்ப எழ வேண்டும், ஓரம் தட்டை விட்டு விலகியிருக்க வேண்டும்.

வெளியே எடுத்த பிறகு 15 நிமிடம் மட்டும் தட்டில் விட்டு, கம்பி வலைக்கு மாற்றுங்கள். தட்டிலேயே ஆறவிட்டால் ஆவி அடியில் தண்ணீராகி, இவ்வளவு கவனித்தும் அடி நனைந்துவிடும். முழுதும் ஆறிய பின்பே வெட்டுங்கள். பழம் சேர்ந்த கேக் நம் வெயிலில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் வெளியில் இருக்கலாம், பிறகு மூன்று நாள் ஃப்ரிட்ஜில். ஃப்ரிட்ஜில் வெண்ணெய் இறுகிக் கேக் வறண்டதுபோலத் தோன்றும்; துண்டைப் பதினைந்து விநாடி மைக்ரோவேவில் வைத்தால் பழைய மென்மை திரும்பும். கஸ்டர்டு ஊற்றிச் சாப்பிடுவதானால் அந்த இளஞ்சூடுதான் பொருத்தம்.