கடலோர அடுக்ககங்களில் ஒழுக்கு: வீட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மேலதிகாரிகள் மிரட்டுவதாகச் சொல்லும் பேச்சில் பெரும்பாலும் சுட்டப்படுவது எங்கள் இராமநாதபுரம் மாவட்டம்தான். குடத்தோடு வரிசையில் நின்று பழகிய மண்ணில் தண்ணீரால் வீடு அழிகிறது என்று எழுதினால் வெளியூர்க்காரருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் கீழக்கரை, இராமநாதபுரம், மண்டபம், இராமேஸ்வரம் எனக் கரையோரமாக எழும்பியுள்ள அடுக்ககங்களில் ஐப்பசி பிறந்துவிட்டால் மாடிப்படியில் சந்திப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்வது, "உங்கள் வீட்டில் ஒழுகுகிறதா?" என்பதுதான். 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியபோது, பல ஆண்டுகளாகப் பூச்சுக்குள் மறைந்து கிடந்த குறைகள் ஒரே நாளில் வெளியே வந்தன. எங்கள் அடுக்ககத்தின் சங்கக் கணக்கை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே எழுதும் தவறுகளில் பாதியை நாங்களே செய்தவர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாத் தவறுகளுக்கும் வேராக இருப்பது ஒன்று: ஒழுக்கைப் பெயின்ட் சம்பந்தப்பட்ட விஷயமாக நினைப்பது. சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை தெரிகிறது. அதைச் சுரண்டி, புட்டி தடவி, இரண்டு கோட்டிங் அடித்தால் தீபாவளிக்கு வீடு பளிச்சென்று ஆகிவிடுகிறது. கார்த்திகையில் அதே கறை சற்றுப் பெரிதாகத் திரும்பி வருகிறது. தமிழில் ஓதம் என்ற சொல் சுவரில் ஏறும் ஈரத்தையும் குறிக்கும், கடலில் ஏறும் அலையையும் குறிக்கும். எங்கள் கரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனெனில் இங்கே கான்கிரீட்டுக்குள் நுழையும் ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு நுழைகிறது. மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து கச்சான் எனும் தென்மேற்குக் காற்றும், பாக் நீரிணைப் பக்கமிருந்து வாடைக் காற்றும் ஆண்டில் இரண்டு முறை சுவர்களில் உப்பை அப்பிவிட்டுப் போகின்றன. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு கம்பி வரை போய்ச் சேர்ந்ததும் அந்தப் படலம் உடைகிறது, துரு தொடங்குகிறது. துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது காரையைப் பிளந்து கீழே தள்ளுகிறது. ஆகவே நாம் பார்க்கும் கறை நோயின் தொடக்கமாக இருப்பது அரிது. உள்ளே வெகு தூரம் போன பிறகே அது வெளியே தெரிகிறது.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்களைப் பார்த்திருப்பார்கள். பவளக் கல்லால் எழுப்பிய அந்தச் சுவர்கள் இத்தனை ஆண்டு உப்புக் காற்றையும் தாங்கி நிற்கின்றன. உள்ளே துருப்பிடித்து வீங்குவதற்குக் கம்பி இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். அதற்காகப் பவளக் கல்லில் ஐந்து மாடி கட்ட முடியாது என்பது வேறு விஷயம்.

வாங்கும் முன் செய்கிற தவறு, தளத்தின் சதுரடியையும் டைல்ஸின் பளபளப்பையும் மட்டும் கேட்டு, கான்கிரீட்டைப் பற்றிக் கேட்காமல் விடுவது. கடலோரச் சூழலுக்கு ஆளாகும் கான்கிரீட்டை இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 456, கடுமையான சூழல் என்ற வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்-30 தரம் வேண்டும் (எண் கூடக் கூட வலிமை கூடும்), தண்ணீருக்கும் சிமென்டுக்குமான விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது, கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், வேண்டும் என்பது விதி. உள்நாட்டு ஊர்களில் பழகிய மேஸ்திரி எம்-20 கலவையையும் கம்பியைத் தாங்கும் 20 மி.மீ. கவர் பிளாக்கையும் வைத்தே இங்கும் தளம் போட்டுவிடுகிறார். சில இடங்களில் கவர் பிளாக்கும் கிடையாது, ஜல்லித் துண்டைச் செருகிக் கம்பியைத் தூக்கி வைப்பதோடு சரி. இதைவிட மோசமானது தண்ணீர் விஷயம். கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அதே குறியீடு சொல்கிறது. கரையோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதில் எவ்வளவு உப்பு இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நல்ல தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்க வேண்டிய ஊரில், கட்டுபவர் முதலில் மிச்சம் பிடிப்பது அதில்தான். கலவைக்கு உவர்நீர் போகிறது. வெப்பமும் வறட்சியுமான இடத்தில் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டிய தளம், நான்கு நாளில் வெயிலில் வெடிக்கிறது. தண்ணீர் இல்லாததால் கெட்டுப்போன தளமே பிற்பாடு தண்ணீரை உள்ளே விடுகிறது என்பதுதான் இந்த மாவட்டத்தின் கூத்து. வேலை நடக்கும்போதே தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கான்கிரீட் கட்டிகளின் வலிமைச் சோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது பில்டரின் முகம் மாறினால், அதையும் ஒரு சோதனை முடிவாகவே எடுத்துக்கொள்ளலாம்.

குடியேறிய பிறகு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் மேல்வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போவது பெரிய தவறு. எங்கள் அடுக்ககத்தில் இரண்டு குடும்பங்கள் ஒரு குளியலறைக் கறையை முன்வைத்து ஒன்றரை ஆண்டு பேசாமல் இருந்தன. கடைசியில் பார்த்தால் வெளிச்சுவரில் மழைநீர்க் குழாய் வளையும் இடத்தில் இருந்த விரிசல்தான் காரணம். ஒழுக்கின் காலத்தைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மழை பெய்யாத சித்திரையிலும் ஈரம் இருந்தால் குழாயையோ குளியலறையையோ சந்தேகிக்கலாம். மழை நின்று இரண்டு நாள் கழித்து வந்தால் மொட்டை மாடியை. வாடை மழை சாய்ந்து அடிக்கும்போது மட்டும் வந்தால் வெளிச்சுவரையும் ஜன்னல் சட்ட ஓரங்களையும். தரைத்தளத்தில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து நின்றால் அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரத்தை. குளியலறைதானா என்று உறுதி செய்ய, வடிகாலை அடைத்துத் தரையில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு சில வாளித் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும்.

மொட்டை மாடியில் செய்யும் தவறுகளைத் தனியாகவே எழுதலாம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போடும் சுருக்கியும் அதன் மேல் பதிக்கும் தட்டோடும் ஒழுங்காக வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) பார்த்துப் போடப்பட்டிருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். வாட்டம் தவறிய மாடியில் எந்தக் கம்பெனியின் வாட்டர் புரூஃபிங்கை அடித்தாலும், தேங்கும் தண்ணீர் ஒரு வழி கண்டுபிடித்துவிடும். ஆனால் வாட்டத்தைச் சரிசெய்ய உடைத்துப் போட வேண்டும், செலவு அதிகம் என்பதால், பழைய தளத்தின் மேலேயே புதிதாக ஒரு அடுக்கு, சில ஆண்டு கழித்து அதன் மேல் இன்னொரு அடுக்கு என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். பாரம் கூடுகிறது, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றிக் கீழ்நோக்கி இறங்குகிறது. போதாக்குறைக்கு டிஷ் ஆன்டெனாவுக்கும், சோலார் தகட்டுக்கும், கூடுதல் தண்ணீர்த் தொட்டிக்கும் தளத்தைத் துளைத்து போல்ட் இறக்குகிறார்கள். அப்படித் துளைத்த ஒவ்வோர் ஓட்டையும் உப்புத் தண்ணீருக்கு நாமே திறந்து வைத்த வாசல்.

மேற்கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்த பிறகு, அந்தத் துருவின் மேலேயே சிமென்ட்டைக் குழைத்து அப்புவதும் பரவலாக நடக்கிறது. கம்பிக்குப் பின்புறம் வரை தளர்ந்த கான்கிரீட்டை உடைத்தெடுத்து, துருவை முழுவதும் நீக்கி, தேவையானால் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த சாந்தால் மூட வேண்டும். அப்படிச் செய்தாலும், உப்பேறிய பழைய கான்கிரீட்டைச் சுற்றிலும் விட்டுவைத்தால், ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பை அடுத்துள்ள கம்பியில் துரு முன்பைவிட வேகமாக ஓடக்கூடும். புதிய பகுதியும் பழைய பகுதியும் ஒரு மின்கலத்தின் இரு முனைகள் போலாகிவிடுவதே காரணம். ஆகவே பெயர்ந்த இடத்தை மட்டும் பார்க்காமல், சுத்தியலால் தட்டிப் பார்த்து வெற்றொலி வரும் இடம் வரை வேலையை நீட்ட வேண்டும். இந்த வேலைக்குக் காலம், தை முடிந்து தளம் காய்ந்த பிறகுதான். மழைக்கு நடுவில் ஈரத்தின் மேல் போடும் எந்தப் பூச்சும் நிற்காது.

இனிச் சட்டம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ உள்ள குறை கட்டியவரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் கூடுதல் பணம் கேட்காமல் 30 நாள்களுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். இங்கே பெரும்பாலோர் சறுக்குவது, கவனத்துக்குக் கொண்டுபோனதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளாததில். போனில் சொன்னோம், "ஆள் அனுப்புகிறேன் அண்ணே" என்றார், நம்பினோம். இப்படியே மூன்று மழை போய்விட்டது எங்களுக்கு. தேதியிட்ட படங்களோடு, எந்த வீட்டில் எந்த இடம் என்று குறித்த கடிதம் பதிவு அஞ்சலில் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில், அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாமல் கட்டும் திட்டங்களுக்கு அந்தச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. கரையோரத்தில் இப்படிப்பட்ட சிறு அடுக்ககங்களும் உண்டு என்பதால், வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் வழக்கெழும் காரணம் தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகள் மட்டுமே காலம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 1980-களிலும் 90-களிலும் கட்டிய அடுக்ககங்களில் மழைநீர் சுவருக்குள் சிக்கி ஆயிரக்கணக்கான வீடுகள் உளுத்துப்போயின. அங்கே மரச்சட்டம் மக்கியது, இங்கே கம்பி துருப்பிடிக்கிறது. விசாரணைக் குழு அமைத்து, 1998-இல் அவர்கள் கொண்டுவந்த சட்டத்தின் வழியே, வேலைக்கும் பொருளுக்கும் 2 ஆண்டு, சுவர், கூரை போன்ற வெளியுறைக்கு 5 ஆண்டு, கட்டமைப்புக்கு 10 ஆண்டு என்ற உத்தரவாதம் வந்தது. நம் சட்டம் எல்லாவற்றுக்கும் ஐந்தோடு நிறுத்திவிடுகிறது. உப்பு கம்பியைத் தின்று காரையைத் தள்ளுவதற்கோ பெரும்பாலும் அதைவிட அதிக காலம் ஆகும். ஆகவே காரை விழட்டும் என்று காத்திருக்காமல், நான்காவது ஆண்டிலேயே சங்கத்தின் செலவில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, கம்பியின் கவரையும் கான்கிரீட்டில் ஏறியுள்ள குளோரைடின் அளவையும் அளந்து வாங்கிவைப்பது புத்திசாலித்தனம்.

சங்கம் என்று சொன்னேன். அது பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மொட்டை மாடியும் வெளிச்சுவரும் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒழுகுவது மேல்தளத்தில் இருப்பவருக்கு மட்டும் என்பதால், கீழ்த்தளத்தார் பணம் தரத் தயங்குவார்கள். பாதி வீட்டுக்காரர்கள் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருந்தால் கூட்டம் கூட்டுவதே பெரும்பாடு. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விடுகிறார்கள். உள்ளே ஒரு குழாய் இணைப்பு கசிந்தால் கீழ்வீட்டுக்காரருக்குத்தான் முதலில் தெரியும், திறக்கவோ ஆளில்லை. ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியையும், சங்கத்தில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தையும் விட்டுச் செல்ல வேண்டும். காப்பீடு பற்றி ஒரே வரி: புயல், வெள்ளம், திடீரென்று குழாயோ தொட்டியோ வெடிப்பது ஆகியவற்றுக்கு வீட்டுக் காப்பீடு உதவும், பல ஆண்டுகளாக மெல்ல ஊறிய ஈரத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது.

பழைய அடுக்ககத்தில் வீடு வாங்க வருகிறவர்கள் பங்குனி, சித்திரை வெயிலில் வந்து, புதிதாகப் பெயின்ட் அடித்த வரவேற்பறையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். விற்பவர் புட்டி வைத்து மறைக்க நினைக்காத ஓர் இடம் பெரும்பாலும் உண்டு. அது கீழே வண்டி நிறுத்துமிடத்தின் மேற்கூரை. அங்கே நின்று ஒரு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், கம்பி ஓடும் கோட்டிலேயே பழுப்பு நிறத்தில் ஒரு வரி தெரிகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.