பெட்ரூம் டாக்ஸ்: சண்டையில் எல்லோரும் சறுக்கும் இடங்கள்

பிரிட்டனில் 2013 ஏப்ரல் 1 அன்று ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. கவுன்சில் (உள்ளாட்சி) வீட்டிலோ, குறைந்த வாடகைக்கு வீடு தரும் லாப நோக்கமற்ற ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ (இரண்டையும் சேர்த்துச் சமூக வீடுகள் என்பார்கள்) குடியிருந்து, வாடகைக்கு அரசு தரும் ஹவுசிங் பெனிஃபிட்டை வாங்குகிறவர்களுக்கானது அது. வீட்டில் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால் 14 சதவீதம் வெட்டு. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதம். டேவிட் கேமரனின் கூட்டணி அரசு இதை ‘உபரி அறை மானியத்தை நீக்குதல்’ என்றது. எதிர்த்தவர்கள் பெட்ரூம் டாக்ஸ் என்றார்கள், அந்தப் பெயரே நின்றுவிட்டது. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் வாக்குவாதம் ஓயவில்லை. ஹவுசிங் பெனிஃபிட் உட்படப் பல உதவித்தொகைகளின் இடத்தைப் பிடித்த யூனிவர்சல் கிரெடிட்டிலும் அதே விதி, அதே சதவீதங்கள்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள், எந்தப் பக்கம் நின்றாலும், ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். விதிக்குள் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் செய்யும் தவறுகள் தனி ரகம். இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

யாருக்கு என்று தெரியாமல் பேசுவது

ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வெட்டு கிடையாது. நான்கு படுக்கையறை கவுன்சில் வீட்டில் எழுபது வயதுக்காரர் தனியாக இருந்தாலும் ஒரு பென்னி குறையாது. ‘வயதானவர்களை வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள்’ என்று சொல்லும்போதே எதிராளிக்கு ஒரு பாயின்ட் கொடுத்துவிடுகிறோம். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: பார்க்கப்படுவது பெனிஃபிட் கேட்பவரின் வயதும் அவருடைய துணையின் வயதும்தான். நாற்பது வயது மகன் பெயரில் வீடு, உடன் எழுபது வயது அம்மா என்றால், அம்மாவின் வயது அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றாது. அம்மாவுக்கு ஓர் அறை கணக்கில் வரும், அவ்வளவுதான். மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் நம்மவர் வீடுகளில் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, ‘இதை ஆரம்பித்ததே லேபர்தான்’ என்று, அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியைக் காட்டும் வாதம். தனியார் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, குடும்பத்தின் அளவை வைத்து உதவித்தொகைக்கு உச்சவரம்பு கட்டும் முறையை 2008இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தது லேபர் அரசு. அது உண்மை. ஆனால் தனியார் வீட்டைத் தேடுகிறவர், தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு வீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். 2013 விதியோ, கவுன்சிலே பல வருடங்களுக்கு முன்னால் ‘இந்தா, இதுதான் உன் வீடு’ என்று சாவியைக் கொடுத்துக் குடிவைத்த குடும்பங்கள் மீது பின்னாலிருந்து வந்து விழுந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள்.

சதவீதக் கணக்கு

14 சதவீதம் எதில்? பெரும்பாலானோர் ‘வாங்கும் பெனிஃபிட்டில்’ என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணக்கில் எடுக்கப்படும் வாடகையில் 14 சதவீதம். வித்தியாசம் சின்னதுபோலத் தெரியும். போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

வார வாடகை 100 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். வருமானமே இல்லாதவருக்கு முழு 100 பவுண்டும் பெனிஃபிட்டாக வந்தது; இப்போது 86 வரும். சரி. பக்கத்து வீட்டுப் பெண் சூப்பர் மார்க்கெட்டில் பகுதிநேர வேலை பார்க்கிறார், சம்பளம் போக அவருக்கு வந்துகொண்டிருந்தது 40 பவுண்ட்தான். அவருக்கும் குறைவது அதே 14 பவுண்ட். கையில் வருவது 26. அவர் வாங்கிய உதவியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. ‘வேலைக்குப் போகாதவர்களுக்குத்தானே அடி’ என்று சொல்பவர்களின் கண்ணில் இந்தப் பெண் படுவதே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. அரசின் தாக்க மதிப்பீடு, சுமார் 6.6 லட்சம் குடும்பங்கள் பாதிக்கப்படும், வாரத்துக்குச் சராசரி இழப்பு 14 பவுண்ட் என்றது. 14 சதவீதமும் 14 பவுண்டும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல். ஒன்றை இன்னொன்றாக எழுதும் கட்டுரைகள் ஏராளம்.

எது ‘உபரி’ என்பதை நம் இஷ்டத்துக்கு எண்ணுவது

தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

விதிப்படி ஓர் அறை யார் யாருக்கு? தம்பதிக்கு ஒன்று. 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒவ்வொருவருக்கும் ஒன்று. 16க்குக் கீழ் ஒரே பாலினக் குழந்தைகள் இருவருக்கு ஒன்று. 10 வயதுக்குக் கீழ் என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஒன்று. இரவில் தங்கிப் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து ஆள் வர வேண்டிய நிலையில் பெனிஃபிட் கேட்பவரோ துணையோ, 2017 முதல் அவர்கள் வளர்க்கும் குழந்தையோ இருந்தால் அந்த ஆளுக்கு ஒன்று.

மூன்று படுக்கையறை வீடு. கணவன், மனைவி, 9 வயதுப் பையன், 8 வயதுப் பெண். விதியின் கணக்கில் இவர்களுக்கு இரண்டு அறை போதும், மூன்றாவது உபரி, ஆகவே 14 சதவீதம் வெட்டு. பையனுக்கு 10 வயது முடிகிற அன்று அதே அறை தேவையான அறையாக மாறிவிடும், வெட்டும் போய்விடும். இடைப்பட்ட மாதங்களில் பணம் கட்ட முடியாமல் இரண்டு அறை வீட்டுக்கு மாறியிருந்தால்? அந்தப் பிறந்தநாளோடு அவர்கள் அதே விதியின்படி ஓர் அறை போதாத குடும்பம் ஆகிவிடுவார்கள். அதனால் வீடு மாறும் முன் பிள்ளைகளின் பிறந்த தேதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 10, 16 என்ற இரண்டு வயதுகளும் முக்கியம்.

விவாகரத்தானவர்கள் விஷயம் இன்னும் கசப்பு. வாரத்தில் மூன்று இரவு பிள்ளைகள் அப்பா வீட்டில் தூங்கினாலும், அவர்கள் முதன்மையாக அம்மாவிடம் இருப்பதாகக் கணக்கு என்றால் அப்பா வீட்டில் அவர்களுக்கு அறை கிடையாது. அந்த அறை உபரி. ‘பிள்ளைகள் வருகிறார்களே, விதிவிலக்கு தருவார்கள்’ என்று நம்பி மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு நிலுவையில் மாட்டியவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோர் மூன்று மாதம் வந்து தங்குவார்கள் என்பதற்கும் இதே பதில்தான். விருந்தாளிக்கு அறை கிடையாது.

அப்புறம் அறையின் அளவு. படுக்கையறை என்றால் என்ன என்று 2013 விதிகள் சொல்லவே இல்லை. இந்த வெட்டுக்கு அடித்தளமே அறைகளின் எண்ணிக்கை. அந்த அறைக்கு வரையறை கிடையாது! இடநெருக்கடி பற்றிய 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் 70 சதுர அடி, 50 சதுர அடி என்று அளவுகள் உண்டு. அதை வைத்துச் சிலர் தீர்ப்பாயத்துக்குப் போய் ஜெயித்தார்கள். மேல்தீர்ப்பாயம் 2014 நவம்பரில், அந்தச் சட்டத்தின் அளவு நேரடியாகத் தீர்மானிக்காது, ஆனால் கட்டில் போட முடியுமா, வெளிச்சமும் காற்றும் உண்டா, மறைவு உண்டா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. ஆகவே ‘70 அடிக்குக் கீழே, அதனால் தானாகவே தப்பிவிட்டோம்’ என்பதும் தவறு, ‘வீட்டுக்காரர் படுக்கையறை என்று எழுதிவிட்டார், இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்பதும் தவறு. கட்டிலைப் போட்டால் கதவு திறக்காத அறை என்றால் டேப்பை எடுத்து அளந்து, போட்டோ எடுத்து வைக்கலாம். அறைக்குள் இப்போது தையல் மெஷினும் சூட்கேஸ்களும் இருக்கின்றன என்பது மட்டும் பொதுவாகப் பயன்படாது. அறையின் தன்மையைத்தான் பார்ப்பார்கள்.

நோஸ்லி, லீட்ஸ் போன்ற இடங்களில் வீட்டு உரிமையாளரான அமைப்புகளே சில வீடுகளின் சின்ன அறைகளைப் படுக்கையறைக் கணக்கிலிருந்து நீக்கின. இதற்கு வேறு வழி கண்டுபிடித்துவிடாதீர்கள் என்று அமைச்சர் லார்ட் ஃப்ராய்ட் கவுன்சில்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதவேண்டி வந்தது.

இரண்டு நோக்கங்களை ஒன்றாகப் பேசுவது

அரசு சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆண்டுக்குச் சுமார் 50 கோடி பவுண்ட் மிச்சம். இன்னொன்று, சமூக வீடுகளில் சுமார் பத்து லட்சம் அறைகள் சும்மா கிடக்கின்றன, இன்னொரு பக்கம் இரண்டரை லட்சம் குடும்பங்கள் இட நெருக்கடியில் தவிக்கின்றன, ஆகவே பெரிய வீடுகள் காலியாகட்டும்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த மாங்காய்களில் ஒன்று விழுந்தால் மற்றது மரத்திலேயே நிற்கும் என்பதுதான் சிக்கல். மிச்சம் எங்கிருந்து வரும்? மக்கள் அதே வீட்டில் இருந்துகொண்டு குறைந்த தொகையை வாங்குவதிலிருந்து. எல்லோரும் சொன்ன பேச்சைக் கேட்டுச் சரியான அளவு வீட்டுக்குப் போய்விட்டால் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கவுன்சில் வீட்டைவிட்டுத் தனியார் வீட்டுக்குப் போனால், அங்கே ஒற்றை அறைக்கே வாடகை அதிகமாக இருக்கலாம், அதற்கான உதவித்தொகையும் கூடலாம். பணம் மிச்சமானதைக் காட்டி ‘விதி ஜெயித்தது’ என்றால், அறைகள் காலியாகவில்லை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் இந்த வாக்குவாதத்தில் யார் பேச்சைக் கேட்டாலும் முதலில் கவனிப்பது, அவர் எந்த நோக்கத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பதைத்தான். பாதிப் பேர் பேச்சின் நடுவிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறார்கள்.

‘அப்படியென்றால் சின்ன வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?’ என்ற கேள்விக்கு அரசின் தாக்க மதிப்பீட்டிலேயே பதில் இருந்தது. பல பகுதிகளில் பொருத்தமான அளவு வீடுகள் போதுமான எண்ணிக்கையில் இல்லை என்று அது ஒப்புக்கொண்டது. வட இங்கிலாந்தின் பல ஊர்களில் சமூக வீடுகள் குடும்பங்களை மனதில் வைத்து மூன்று அறைகளோடு கட்டப்பட்டவை. தனி ஆளுக்கான வீடு அங்கே அரிது. அரசுக்காக இப்சோஸ் மோரி என்ற ஆய்வு நிறுவனமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு மையமும் செய்த மதிப்பீட்டின் 2014 இடைக்கால அறிக்கைப்படி, முதல் ஆறு மாதத்தில் சமூக வீடுகளுக்குள்ளேயே இடம் மாறியவர்கள் பாதிக்கப்பட்டவர்களில் 4.5 சதவீதம் மட்டுமே.

எதிர்த்தவர்கள் பக்கமும் ஓர் ஓட்டை உண்டு. இட நெருக்கடியில் இருக்கும் குடும்பத்தின் கதையை அவர்கள் பேசுவதே இல்லை. ஒரே அறையில் நான்கு பிள்ளைகளோடு வீட்டுக்காகப் பட்டியலில் காத்திருக்கும் தாயிடம் ‘உபரி அறை என்று ஒன்றே கிடையாது’ என்று சொன்னால் அவர் சிரிப்பார். அறைகள் அதிகம் சும்மா இருந்த வீடுகளில் கணிசமானவை ஓய்வூதியர்களுடையவை, அவர்களைத்தான் விதி தொடவே இல்லை. அறைகளை விடுவிப்பதுதான் உண்மையான குறி என்றால் இது விசித்திரமான விலக்கு. ஓட்டுக் கணக்கைப் பார்த்தால் அவ்வளவு விசித்திரம் இல்லை.

‘கோர்ட் தூக்கிவிட்டது’ என்ற வதந்தி

பார்லிமென்டும் ரத்து செய்யவில்லை, நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. 2013 நவம்பரில் விதியை ரத்து செய்யக் கோரி லேபர் கொண்டுவந்த தீர்மானம் 226க்கு 252 என்று தோற்றது. 2014 செப்டம்பரில் லிபரல் டெமாக்ரட் எம்.பி. ஆண்ட்ரூ ஜார்ஜின் தனிநபர் மசோதா 306க்கு 231 என்று இரண்டாம் வாசிப்பில் ஜெயித்தது. விதியைத் தளர்த்தக் கொண்டுவந்த அந்த மசோதா அதற்குப் பிறகு நகரவே இல்லை. ‘ஓட்டெடுப்பில் ஜெயித்துவிட்டதே’ என்று இன்றும் சொல்பவர்கள் அந்த ஒரு நாளை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆட்சிக்கு வந்தால் ரத்து என்று 2013இல் சொன்ன லேபர், 2015 தேர்தலில் தோற்றது. 2024இல் அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்ததும் இங்கிலாந்தில் விதி மறைந்துவிடவில்லை.

2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏழு பேரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இருவர் ஜெயித்தார்கள்: உடல் குறைபாட்டால் கணவரோடு ஒரே அறையில் படுக்க முடியாத ஒரு பெண், இரவு முழுக்க ஆள் தேவைப்படும் பேரனை வளர்க்கும் ஒரு குடும்பம். ஐவர் தோற்றார்கள். 2017 ஏப்ரலில் விதி அந்த இரண்டு நிலைகளுக்கு மட்டும் திருத்தப்பட்டது. தோற்றவர்களில் ஒருவர், வன்முறைக்குப் பயந்து காவல்துறை ஏற்பாட்டில் பாதுகாப்பு அறை கட்டப்பட்ட வீட்டில் இருந்த பெண். அவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2019இல் ஜெயித்தார். அப்படிப்பட்ட வீடுகளுக்கு 2021 அக்டோபரில் விலக்கு வந்தது. உங்கள் வீட்டு நிலை இவற்றில் ஒன்றோடு ஒட்டுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

பிரிட்டன் முழுக்க ஒரே மாதிரி என்று நினைப்பதும் பிழை. விதி ஸ்காட்லாந்திலும் சட்டப்படி இருக்கிறது, ஆனால் அங்கே அரசே கூடுதல் பணம் ஒதுக்கி வெட்டை ஈடுகட்டுகிறது. வட அயர்லாந்திலும் ஈடுகட்டும் ஏற்பாடு உண்டு. கிளாஸ்கோவில் இருக்கும் உறவினர் ‘எங்களுக்கு ஒன்றும் குறையவில்லையே’ என்று சொன்னால் அதை நம்பி லண்டனில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஸ்காட்லாந்திலும் அந்தத் தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டி வரலாம்.

விதிக்குள் இருப்பவர்களுக்கு

இங்கிலாந்தில் கவுன்சில் தன் விருப்புரிமையில் தரும் வாடகை உதவிப் பணம் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். தானாகப் புதுப்பிக்காது, கிடைத்தே தீரும் என்ற உரிமையும் இல்லை. முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அதற்கு முன்பே மறுபடி கேட்க வேண்டும்.

உபரி அறையை வாடகைக்கு விடலாமா? வீட்டு உரிமையாளர் அனுமதித்தால் விடலாம், ஆனால் கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதம். ஹவுசிங் பெனிஃபிட்டில் அந்த ஆள் இருக்கும் அறை உபரி ஆகாது, ஆனால் அவர் தரும் பணத்தில் ஒரு பகுதி வருமானமாக எண்ணப்படும். யூனிவர்சல் கிரெடிட்டில் தலைகீழ்: அவர் தரும் பணம் வருமானமாகாது, அறை மட்டும் உபரியாகவே நிற்கும். நண்பர் ஒருவருக்கு வேலை செய்த கணக்கு உங்களுக்கு வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

வீட்டில் ஒரு சாவு நேர்ந்தாலும் இதே வித்தியாசம் உண்டு. ஹவுசிங் பெனிஃபிட்டில் 52 வாரம் வரை பழைய கணக்கு தொடரும். யூனிவர்சல் கிரெடிட்டில் சுமார் மூன்று மாதம்தான்.

முடிவுக் கடிதம் தப்பு என்று தோன்றினால் மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான் அவகாசம், அது கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஓடும். போனில் சொல்லிவிட்டேன் என்று இருந்துவிடாமல் எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடியும் வரை வாடகையை நிறுத்திவைப்பது பெரிய தப்பு. அறைக் கணக்கில் நீங்கள் ஜெயித்தாலும் அதற்குள் நிலுவைக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்துவிடலாம்.