எழுத்துக் குழுவில் சேர்ந்தபின் செய்யக்கூடாதவை

வெள்ளவத்தையில் எங்கள் எழுத்துக் குழு பெரும்பாலும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறையில்தான் கூடும். புதிதாக வருகிறவர்கள் விடும் பிழைகளைப் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளின் போட்டோக் கொப்பி மாதிரி இருக்கும். பிந்தி வருவது, நடுவில் எழுந்து போன் பேசுவது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அது அவரவருக்கே தெரியும்.

புத்தகத்தை அடித்துவிட்டுக் குழுவுக்குக் கொண்டு வருவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். ஒருவர் மாதா மாதம் வருவார். மற்றவர்களின் கதைகளைக் கேட்பார், தேத்தண்ணி குடிப்பார், தன்னுடையதை மட்டும் காட்ட மாட்டார். கேட்டால் "இன்னும் முடியேல்லை" என்பார். ஒருநாள் அழைப்பிதழோடு வந்து நிற்பார். தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை எல்லாவற்றுக்கும் ஆள் போட்டாயிற்று. முதற்பிரதி வாங்க ஒரு வர்த்தகப் பிரமுகரையும் பிடித்தாயிற்று. எங்களுக்கு மிச்சம் இருப்பது கதிரையை நிரப்பும் வேலை.

அப்படி ஒரு வெளியீட்டுக்குப் போயிருந்தோம். தொகுப்பில் ஒரு நல்ல கதை. வெசாக் போயா இரவு, வெளிச்சக்கூடு பார்க்கத் தெருவெல்லாம் சனம். மகனோடு சண்டை பிடித்த தகப்பன் வைன் ஸ்டோர்ஸில் கால் போத்தல் சாராயம் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார். சரி, எந்த வைன் ஸ்டோர்ஸ்? போயா அன்று இந்த நாட்டில் சாராயம் விற்கத் தடை. வெசாக் என்றால் இன்னும் இறுக்கம். நயவுரைக்கு வந்தவர் அதை மேடையில் வைத்தே சொன்னார். மண்டபம் சிரித்தது. கதையின் முடிவே அந்தப் போத்தலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

குழுவில் வாசித்திருந்தால் இரண்டாம் பந்தியிலேயே யாராவது மறித்திருப்பார்கள். முதல் நாளே வாங்கி அலுமாரியில் உடுப்புக்குள் ஒளித்து வைத்தார் என்று மாற்றினால் போதும். சண்டை வரும் என்று அவருக்கு முன்பே தெரியும் என்பதும் கதைக்குள் வந்துவிடும்.

அச்சில் ஒரு பாரம் என்பது வழக்கமாக 16 பக்கம். ஒரு வரியைத் திருத்த அந்தப் பாரம் முழுவதையும் திருப்பி அடித்து, புத்தகத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும். 2022இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அதற்குப் பிறகு அச்சகத்தில் விலை கேட்கவே பயம். அவரும் கேட்கவில்லை, மிச்சப் பிரதிகள் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. அரைகுறை வரைவைக் காட்ட வெட்கப்பட்டதன் விலை இது.

விளக்கம் சொல்வது

வாசித்து முடித்ததும் வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுங்கள்.

சொந்த ஊர்க்காரரிடம் மட்டும் காட்டுவது

கொழும்பில் குழு வைத்திருப்பதன் பெரிய லாபமே, யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் ஹட்டனும் மாளிகாவத்தையும் ஒரே மேசையில் இருப்பதுதான். பருத்தித்துறைத் தம்பி ஒருவரின் கதையில் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண் "என்ன செய்யிறியள்?" என்று யாழ்ப்பாணப் பேச்சில் கேட்டாள். ஹட்டன் அக்கா தாளைக் கீழே வைத்துவிட்டு, "எங்கம்மா ஒருநாளும் இப்பிடிப் பேசினதில்ல தம்பி" என்றார். அப்புறம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோவைக் கழிப்பதால் வரும் சண்டைகளை அரைமணி நேரம் சொன்னார். தம்பியின் அடுத்த வரைவு அந்தத் தராசடியில்தான் தொடங்கியது.

"நல்லாயிருக்கு" என்று முடிப்பது

எந்த வரியில் கவனம் விட்டுப்போனது என்று சொல்லுங்கள்.

வாசிக்காமல் எழுதுவது

1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் 57ஆவது ஒழுங்கையில், நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

கூட்டத்தன்று காலையில் வட்ஸ்அப்பில் அனுப்புவது

அதுவும் முழு நாவலை. யாரும் திறக்க மாட்டார்கள்; திறந்தவரும் பஸ்ஸில் நின்றபடி முதல் பக்கத்தைத்தான் பார்த்திருப்பார். நாலு பக்கம் போதும். அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுங்கள், ஓரத்தில் எழுத இடம் விட்டு.