நாலு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால் என்ன செய்வது? எடுக்காதீர்கள், அடியுங்கள்

ஒரு இடம்கூடக் கிடைக்காமல் அலைகிறவர்கள் இதைப் படித்தால் எரிச்சல் வரும், அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் இரண்டு மூன்று நல்ல இடம் கையில் வந்துவிட்டுத் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிற வீடுகளும் இருக்கின்றன. 2024 ஜூனில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சித்தி வீடு அப்படித்தான் இருந்தது. தங்கைக்கு ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ், திருச்சி என்ஐடியில் மெட்டலர்ஜி (உலோகவியல்), அதோடு கட்ஆஃப் கணக்குப்படி அண்ணா பல்கலையின் கிண்டி பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள்இ (மின், மின்னணுப் பொறியியல்) அநேகமாக உறுதி. வீட்டுக்கு வந்த எல்லாரும் "எது பெரிய காலேஜ்" என்றே கேட்டார்கள், அந்தக் கேள்விக்கு மட்டும் பதிலே வரவில்லை, மூன்றுமே பெரியதுதானே.

கடைசியில் நாங்கள் செய்தது நேர் எதிர். எதை எடுப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு எதைக் கோடு போட்டு அடித்துவிடலாம் என்று பார்த்தோம். ஒரு நீளக் கோடு போட்ட நோட்டும் சிவப்புப் பேனாவும் போதும்.

1. தேதிகளை எழுதுங்கள்

பக்கத்தின் மேலேயே தேதிகள் இருக்கட்டும். தனியார் பல்கலைகள் ஏப்ரல், மே மாதத்திலேயே கவுன்சலிங் முடித்துப் பணம் கட்டச் சொல்லும். அப்புறம் ஜோசா, அதாவது ஐஐடி, என்ஐடிகளுக்கான கவுன்சலிங். நம் டிஎன்இஏ, அதாவது அண்ணா பல்கலைக் கல்லூரிகளுக்கான தமிழ்நாடு அரசின் பொறியியல் கவுன்சலிங், பெரும்பாலும் கடைசியில்தான் வரும். பாண்டிச்சேரிக்காரர்கள் என்றால் அந்த ஊர் அரசு கவுன்சலிங்கான சென்டாக் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்கல் எங்கே என்றால், ஜோசாவில் எடுத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அதன் கடைசிச் சுற்றுக்கு முன்பே மூடிவிடும், அந்த நேரத்தில் டிஎன்இஏ இடம் கையில் வந்திருக்காது. ஆகவே டிஎன்இஏ ரேங்க் பட்டியல் வந்ததும் முந்தைய ஆண்டுகளில் அந்தத் துறை எந்த ரேங்க்கில் மூடியது என்று பார்த்து, அதை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும். "நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று போனில் அவசரப்படுத்துகிறவர்களை நம்பிப் பயப்படாதீர்கள், தேதியை எழுத்தில் கேளுங்கள்.

2. நாலு வருஷப் பணத்தைக் கூட்டுங்கள்

ஒரு செமஸ்டர் கட்டணத்தைப் பார்த்துவிட்டு "சரி, சமாளிக்கலாம்" என்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற தப்பு. எட்டு செமஸ்டர், விடுதி, மெஸ், ஊருக்கு வந்து போகிற செலவு, லேப்டாப், எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டுங்கள். தனியாரில் ரேங்க்கைப் பொறுத்துக் கட்டணம் மாறும், பக்கத்து வீட்டுப் பையன் கட்டியது உங்களுக்குப் பொருந்தாது.

அதேபோல, கழிக்க வேண்டியதையும் கழியுங்கள். என்ஐடியில் டியூஷன் கட்டணம் செமஸ்டருக்கு 62,500 ரூபாய், எட்டுக்கும் சேர்த்து 5 லட்சம். இதைக் கேட்டதும் சித்தப்பா முகம் சுருங்கியது. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் டியூஷன் முழுவதும் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமலே முழுத் தள்ளுபடி. சித்தப்பாவுக்கு வெல்டிங் பட்டறை, வருமானம் நடு வரிசையில் வந்தது, 5 லட்சம் ஏறக்குறைய 1,67,000 ஆகிவிட்டது. வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே போட்டு வையுங்கள், கடைசி வாரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் டிஎன்இஏ வழியாகச் சேரும்போது அதற்கான கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்தால் டியூஷனையும் விடுதியையும் அரசே ஏற்கிறது. அந்த வாய்ப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறும்.

எங்கள் நோட்டில் இங்கேயே ஒரு சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. கடன் வாங்கித் தனியாரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கலாம்தான், தப்பே இல்லை, ஆனால் வேலைக்குப் போகும் முன்பே எவ்வளவு கடன் என்று எழுதிப் பார்த்ததும் தங்கையே பேனாவை வாங்கி அடித்துவிட்டாள்.

வீட்டிலிருந்தே போய் வந்தால் மிச்சம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலூரிலிருந்து பிள்ளைச்சாவடியில் உள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்குப் பாண்டியில் பஸ் மாறிப் போக வேண்டும், அதுவும் அரியாங்குப்பம், முதலியார்பேட்டை நெரிசலில் ஒரு காலை வேளை நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. மூன்றாவது செமஸ்டர் பாடத்திட்டத்தைப் படியுங்கள்

முதல் வருஷம் எல்லாத் துறைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கணக்கு, இயற்பியல், வேதியியல், கொஞ்சம் கோடிங். துறையின் நிஜ முகம் மூன்றாவது செமஸ்டரில்தான் தெரியும். கல்லூரி இணையதளத்தில் பாடத்திட்டம் கிடைக்கும், பாடங்களின் பெயரோடு நிறுத்தாமல் அலகு அலகாகப் படியுங்கள். புரிய வேண்டும் என்று இல்லை, எதைப் படிக்கும்போது கேள்வி கேட்கத் தோன்றுகிறது என்று கவனித்தால் போதும்.

தங்கை ட்ரிபிள்இ பாடத்திட்டத்தை மரியாதையாகப் படித்து முடித்தாள். மெட்டலர்ஜியில் இரும்பும் கார்பனும் சேரும் வரைபடம் வந்த இடத்தில், "அப்பா, நம்ம பட்டறையில் வெல்டிங் பண்ணின இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடுதே, அது இதனாலயா" என்று கேட்டாள். சித்தப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருஷமாக அந்த விரிசலோடு மல்லுக்கட்டுகிற மனிதர் அவர். திருச்சியில் பெல் (பிஎச்இஎல்) நிறுவனமும் அதன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருப்பது அப்போதுதான் எங்கள் பேச்சில் வந்தது.

எல்லாருக்கும் இப்படி அமையாது, தெரியும். எதைப் படித்தாலும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் வேலை வாய்ப்பு அகலமாக உள்ள துறையை வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

4. தரவரிசைக்குப் பின்னால் உள்ள பிடிஎஃப்

என்ஐஆர்எஃப் என்பது மத்திய அரசு வெளியிடும் கல்லூரித் தரவரிசை. அதில் ஆராய்ச்சிக்கு மட்டும் 30 சதவீத மதிப்பு, பொதுப் பெயருக்கு 10 சதவீதம். பிஇ படிக்கப் போகிற பிள்ளைக்கு ஐந்து இடம் முன்னே பின்னே இருப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதைவிடப் பயன்படுவது, கல்லூரிகள் என்ஐஆர்எஃப்புக்குக் கொடுத்த விவரத் தாள், அதுதான் அந்த பிடிஎஃப். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, நடுச் சம்பளம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். நடுச் சம்பளம் என்றால் எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவர் வாங்குவது. பேனரில் போடுகிற அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒருவருடையது. ஒரு குறை, இது துறைவாரியாக இருக்காது.

5. மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பேசுங்கள்

முதலாண்டுக்காரர்கள் மயக்கத்தில் இருப்பார்கள், பழைய மாணவர்கள் பெருமை பேசுவார்கள். மூன்றாம் ஆண்டுக்காரர் உள்ளதைச் சொல்வார். உங்கள் துறையை எந்தெந்த கம்பெனிகள் தேர்வுக்கே அனுமதிப்பதில்லை, துறை மாறலாம் என்கிறார்களே, போன வருஷம் நிஜமாக எத்தனை பேர் மாறினார்கள்? இந்த இரண்டையும் கேட்டால் போதும், மெஸ் சாப்பாடு பற்றி அவரே சொல்லிவிடுவார்.

6. பட்டனை அழுத்தும் முன்

ஜோசாவில் மூன்று சொல் வரும். ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஸ்லைடு என்றால் இதே கல்லூரியில் மேலான துறை கிடைத்தால் மாற்றுங்கள். ஃப்ளோட் என்றால் என் பட்டியலில் மேலே உள்ள எந்தக் கல்லூரி கிடைத்தாலும் மாற்றுங்கள், அப்படி மாறினால் பழைய இடம் போய்விடும். டிஎன்இஏவில் அக்செப்ட் அண்ட் ஜாயின் கொடுத்தால் குறித்த நாட்களுக்குள் கல்லூரியில் பணம் கட்டிச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் ரத்து. அக்செப்ட் அண்ட் அப்வார்ட் என்றால் மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருக்கலாம். தங்கை ஃப்ரீஸ் கொடுத்தாள், கிண்டிக்கு இரண்டாவது சிவப்புக் கோடு.

அடித்த இடங்களைச் சும்மா விட்டுவிடாதீர்கள். முறையாக விலகினால்தான் அந்த இடம் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போகும், பணமும் திரும்பும். 2024-25க்கு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொன்னது: செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும், அக்டோபர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. இது ஆண்டுக்கு ஆண்டு வரும் அறிவிப்பு, உங்கள் ஆண்டுக்கானதைத் தேடி எடுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளவும் கூடாது. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பணம் கட்டிய ரசீதையும் சேர்த்து. முன்பே பணம் கட்டியிருந்த தனியார் பல்கலைக்கு நாங்கள் அனுப்பிய முதல் மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை, இரண்டாவதில் யுஜிசி அறிவிப்பை இணைத்தோம், ஐந்து வாரத்தில் சித்தப்பா கணக்கில் முழுத்தொகையும் ஏறிவிட்டது.